பாறசாலை எல்லையிலே

நாகர்கோவிலில் புகைவண்டி ஏறித் திருவனந்தபுரம் நோக்கிச் செல்வோர், குழித்துறையில் தாமிரபருணியைக் கடந்த சிறிது நேரத்தில் தமிழ்நாட்டை விட்டு நீங்கிவிடுகின்றனர். நீங்கியதை அவர்கள் உணர்வதில்லை. இருபுறமும் அதே செம்மண், அதே தென்னை, அதே பனை, அதே மரச்சீனித் தோட்டம், அதே ரப்பர்க் காடு. நிலையத்தின் பெயர்ப்பலகையில் மலையாள எழுத்து முதலிடம் பெறும்போதுதான் பாறசாலை வந்துவிட்டது என்று தெரிய வருகின்றது. 1979ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இவ்விருப்புப்பாதையில், தெற்கேயிருந்து வருவோர்க்குக் கேரளத்தின் முதல் நிலையம் அதுவே.

சாலை வழியே வருவோர்க்கும் ஏறத்தாழ இதே அனுபவந்தான். தமிழ்நாட்டின் களியக்காவிளைச் சந்தையில் மீனும் வாழைக்குலையும் வாங்கியவர் சிறிது தொலைவு நடந்தால் கேரளத்தின் இஞ்சிவிளையில் இருப்பார். அதற்கப்பால் பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை, பின்னர் நெய்யாற்றின்கரை. களியக்காவிளை, இஞ்சிவிளை, அமரவிளை என்னும் பெயர்களை நோக்குங்கள். விளை என்பது இப்பகுதியில் தோட்டப்பயிர் செய்யும் மேட்டுநிலத்தைக் குறிக்கும் சொல். எல்லையின் இருமருங்கும் ஊர்ப்பெயர்கள் அச்சொல்லாலேயே முடிகின்றன. சற்று வடகிழக்கே, மலையடிவாரத்தை அடுத்துப் பனச்சமூடு என்றொரு சந்தையூர் உண்டு. அங்கே சாலையின் ஒரு பக்கத்துக் கடை ஒரு மாநிலம். எதிர்ப்பக்கத்துக் கடை மற்றொரு மாநிலம். குடிக்கும் நீரை இருபுறத்தாரும் 'வெள்ளம்' என்றே சொல்கின்றனர்.

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து, கன்னியாகுமரி மாவட்டமாகிச் சென்னை மாநிலத்தோடு இணைந்ததை வாசகர் அறிவர். நெய்யாற்றின்கரைப் பகுதியையும் சேர்க்க வேண்டும் என்று அந்நாளில் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு கேட்டது. ஆயினும் அவ்வட்டம் கேரளத்திலேயே நின்றது. ஆதலால் இன்றும் அங்குத் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. அவ்வட்டத்தைச் சேர்ந்த பாலராமபுரத்தில், இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர்ப் பாலராமவர்ம மன்னர் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து குடியேற்றப்பட்ட சாலியர்கள் இன்றும் தறி நெய்கின்றனர். நம் சங்கத்து அன்பர்கள் சிலர்க்கும் இவ்வூர்கள் பிறந்த மண் அல்லவா? ஆதலின் இவற்றைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதத் துணிகின்றேன்.

கோயில்களையும் காட்சிகளையும் காண்பதற்காக மட்டும் நான் அங்குச் செல்லவில்லை. ஓர் ஊரின் நீர், மலை, காற்று, கடற்கரை ஆகியவை பற்றிய முடிவுகளில் அவ்வூர்க் குடிமகனுக்கு எவ்வளவு பங்கு இருக்கின்றது? இக்கேள்வியை எங்கும் கேட்கலாம். ஆயினும் இரண்டு அரசுகள் சந்திக்கும் இடத்தில் கேட்டால்தான் விடையின் குறை கண்ணுக்குத் தெரியும் என்று எனக்குத் தோன்றியது.

ஊரின் பழமை

நெய்யாறு அகத்தியர் மலையில் தோன்றி, நெய்யாற்றின்கரை நகரைத் தழுவிச் சென்று, பூவாரில் கடலோடு கலக்கின்றது. நகருக்குக் கிழக்கே அவ்வாற்றின் கரையில் இருப்பது அருவிப்புறம். 1888ஆம் ஆண்டு சிவராத்திரியன்று நாராயண குரு ஆற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்துச் சிவலிங்கமாக நிறுவினார். கோயிலுக்குள் நுழையவும் உரிமை இல்லாதவர் எனக் கருதப்பட்ட ஒருவர், எவருடைய அனுமதியும் கேளாமல் செய்த செயல் அது. கேரளத்துச் சமுதாய வரலாற்றில் அந்நாள் ஒரு திருப்பம்.

சரியாக ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1938 ஆகஸ்டில், நெய்யாற்றின்கரையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. மக்களுக்குப் பொறுப்புள்ள ஆட்சி வேண்டும் என்று திருவிதாங்கூர் அரசுக் காங்கிரசார் நடத்திய போராட்டத்தின்போது நேர்ந்த கொடுமை அது. வீரராகவன் முதலியோர் உயிர் நீத்தனர். தங்களைக் கேளாமல் தங்களை ஆளக்கூடாது என்பதே அம்மக்கள் கேட்டது. ஆகவே குடிமக்கள் பங்கு என்னும் பேச்சு இம்மண்ணுக்குப் புதிது அன்று. அதற்காக உயிர் கொடுத்த ஊர் இது.

வார்டு சபை

இன்றைய நிலையைக் காண்போம். 1992ஆம் ஆண்டின் எழுபத்து மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தம் கிராமசபைக்கு இடம் அளித்தது. 1994ஆம் ஆண்டின் கேரளப் பஞ்சாயத்துராஜ் சட்டப்படி, அங்கே ஊராட்சியின் ஒவ்வொரு வார்டுக்கும் தனித்தனியே ஒரு கிராமசபை. அவ்வார்டின் வாக்காளர் அனைவரும் அதன் உறுப்பினர். வார்டு உறுப்பினரே அதைக் கூட்டுபவர். பத்தில் ஒரு பங்கு வாக்காளராவது வந்தாக வேண்டும். மூன்று திங்களுக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், மாநிலத் திட்டப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்து, இச்சபைகளுக்கு உயிர் ஊட்டியது.

எல்லைக்கு இப்பால், தமிழ்நாட்டில், ஊராட்சி முழுமைக்கும் ஒரே கிராமசபை. முன்னர் ஆண்டுக்கு நான்கு நாள் கூடியது. 2022ஆம் ஆண்டு முதல் உலக நீர் நாளான மார்ச் 22, உள்ளாட்சி நாளான நவம்பர் 1 ஆகியவையும் சேர்ந்து ஆறு நாள் ஆயிற்று. நவம்பர் முதல் நாள் கேரளத்தின் பிறந்தநாள். குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த நாளும் அதுவே. ஆகவே களியக்காவிளைப் பக்கம் கிராமசபை கூடும் அந்நாளில் பாறசாலைப் பக்கம் கேரளப் பிறவி விழா நடக்கும்.

பாறசாலைப் பகுதி வார்டு ஒன்றின் சபைக்கு நான் சென்றிருந்தேன். பள்ளிக்கூடத்துக் கூடம். வந்தோரில் பெரும்பாலோர் குடும்பஸ்ரீ குழுக்களைச் சேர்ந்த பெண்கள். வீடு யாருக்கு, ஆடு யாருக்கு, கிணறு யாருக்கு என்னும் பயனாளர் பட்டியலிலேயே நேரத்தின் பெரும்பகுதி கழிந்தது. அதில் தவறில்லை, ஏழைக்கு வீடும் வேண்டியதுதானே. கூட்டம் கலையும் நேரத்தில் மூதாட்டி ஒருவர் எழுந்து, பாறை வெடிக்கும்போது தம் வீட்டுச் சுவர் பிளக்கின்றது என்றார். அது குறிப்பேட்டில் எழுதப்பட்டது. அக்குறிப்பேட்டிலிருந்து அது எங்கே செல்லும், யார் பதில் சொல்வார் என்பதை அங்கிருந்தோர் எவராலும் திட்டமாகச் சொல்ல இயலவில்லை.

எனினும் இத்தகைய அமைப்புகள் வெறும் பேச்சு என்று எண்ணிவிடக் கூடாது. கேரளத்தில் 2008ஆம் ஆண்டின் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒரு கண்காணிப்புக் குழு உண்டு. ஊராட்சித் தலைவர், வேளாண்மை அலுவலர், கிராம அலுவலர் ஆகியோருடன் நெல் உழவர்களின் பிரதிநிதிகள் மூவரும் அதில் அமர்கின்றனர். வயலை மேடாக்க விரும்புபவர் அவர்களுடைய பார்வையிலிருந்து தப்புவது எளிதன்று. உழவனை அலுவலரோடு சமமாக உட்காரவைத்த சட்டம் என்று அதைச் சொல்லலாம்.

மலையடிவாரத்தில் நடந்தது

மக்கள் குரலுக்கு வலிமை உண்டு என்பதை மலையடிவாரத்து ஊர்கள் காட்டுகின்றன. நெய்யாற்று அணைக்கு மேலே உள்ள காடு 1958ஆம் ஆண்டு முதல் வனவிலங்குப் புகலிடம். அதனைச் சுற்றியும் பேப்பாறைப் புகலிடத்தைச் சுற்றியும் சூழல் காப்பு வளையம் அமைக்க மத்திய அரசினர் 2022 மார்ச்சில் வரைவு அறிவிக்கை ஒன்றை வெளியிட்டனர். ஆட்சேபம் கூற அறுபது நாள். அம்பூரி, கள்ளிக்காடு முதலிய ஊராட்சிகளில் தங்கள் வீடும் தோட்டமும் அவ்வளையத்துள் அகப்படுமோ என்ற அச்சம் எழுந்தது. அதே ஆண்டு ஜூன் 3ஆம் நாள், காப்புக் காடுகளைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வளையம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறவே, கேரள மலைநாடு முழுவதும் கலக்கம் பரவிற்று.

அரசினர் செயற்கைக்கோள் வழியாக எடுத்த நிலப்படத்தை 2022 டிசம்பரில் வெளியிட்டனர். வானத்திலிருந்து பார்த்த கண்ணுக்கு மரத்தின் கீழிருந்த வீடுகள் பல தெரியவில்லை. அவ்விடத்தில்தான் குடிமக்கள் பங்கு உண்மையாயிற்று. ஊராட்சிகள் உதவிக் கூடங்களைத் திறந்தன. மக்கள் தத்தம் வீட்டையும் கடையையும் வழிபாட்டிடத்தையும் காட்டிப் படத்தைத் திருத்த மனு எழுதினர். 2023 ஏப்ரல் 26ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தன் முந்தைய கட்டளையைத் தளர்த்தியது.

இதன் மறுபக்கத்தையும் மறைத்தல் கூடாது. அதே அம்பூரியில் 2001 நவம்பர் 9ஆம் நாள் இரவு மலை சரிந்து, முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மலையைக் காப்பது மலைவாழ் குடியானவனுக்கே பகையான செயல் அன்று. அவன் உயிர்க்காப்பே அதுதான். ஆனால் அதனை அவனிடம் முன்னரே எடுத்துச் சொல்லி, அவனையும் கூட்டி வரையாமல், வரைந்து முடித்த வளையத்தை அவன் கழுத்தில் மாட்டினால் அவன் அதை விலங்கு என்றே எண்ணுவான். மேற்குத்தொடர்ச்சி மலை பற்றி 2011ஆம் ஆண்டு அறிக்கை அளித்த மாதவ் காட்கில் குழுவும், கிராமசபைகளின் கருத்தோடு இவ்வளையங்களை வரையறுக்க வேண்டும் என்றே கூறியிருந்தது.

வற்றிய கால்வாய்

இதுவரை சொன்னவை எல்லாம் ஒரு மாநிலத்துக்குள் நடந்தவை. இனி எல்லையைக் கடப்பனவற்றைக் காண்போம்.

முதலாவது, நீர். நெய்யாற்று அணைத் திட்டம் மாநிலச் சீரமைப்புக்கு முன்னரே தொடங்கப்பட்டது. அப்போது விளவங்கோடும் நெய்யாற்றின்கரையும் ஒரே அரசின் இரு வட்டங்கள். ஆதலால் இடதுகரைக் கால்வாய் விளவங்கோடு வட்டத்து வயல்களுக்கும் சேர்த்தே வெட்டப்பட்டது. அங்கே ஏறத்தாழ 9,200 ஏக்கர் அந்நீரை நம்பி இருந்தது. 2004ஆம் ஆண்டில் கேரளம் அந்நீரை நிறுத்தியது. நெய்யாறு தன் எல்லைக்குள்ளேயே தோன்றி முடியும் ஆறு என்பது கேரளத்தின் வாதம்; தன் வயல்களுக்காகவும் கட்டப்பட்ட அணை என்பது தமிழ்நாட்டின் வாதம். 2012ஆம் ஆண்டில் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது.

வழக்கின் நியாயத்தை நீதிமன்றம் ஆராயட்டும். நான் கண்டது வேறு. விளவங்கோட்டுப் பக்கம் புல் முளைத்த கால்வாய்க் கரையில் நின்றுகொண்டிருந்த முதிய உழவர் ஒருவர், "கால்வாய் இருக்கு சாரே, வெள்ளந்தான் இல்ல" என்றார். பின்னர்ச் சிரித்துக்கொண்டே, "அக்கரைக்காரன்மேல எனக்கு என்ன கோவம்? எம் மவளை அங்கதான் கெட்டிக் குடுத்திருக்கேன். அங்கயும் கோடையில வெள்ளத்துக்குப் பாடுதான்னு அவ சொல்லுதா" என்றார்.

தமிழ்நாட்டில் உழவர்களே பாசன அமைப்பை மேலாண்மை செய்வதற்கு 2000ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. கேரளத்திலும் பாசன உழவர் சங்கங்கள் உண்டு. ஒரே கால்வாயின் தலைமாட்டில் ஒரு சங்கம், கால்மாட்டில் ஒரு சங்கம். தந்தை ஒன்றிலும் மகளின் கணவன் மற்றொன்றிலும் இருக்கலாம். திருமண வீட்டில் அவர்கள் ஒரே பந்தியில் உண்கின்றனர். கால்வாயைப் பற்றிப் பேச அவர்கள் இருவருக்கும் பொதுவான ஒரு பந்தியைச் சட்டம் போடவில்லை.

கல்லும் குப்பையும்

இரண்டாவது, கல். நெய்யாற்றின்கரை வட்டத்துக் கடற்கரையான விழிஞ்ஞத்தில் பெருந்துறைமுகம் எழுந்துள்ளது. 2015 டிசம்பரில் வேலை தொடங்கி, 2025 மே 2ஆம் நாள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதன் அலைதடுப்புச் சுவர் மட்டும் சுமார் மூன்று கிலோமீட்டர் நீளம். அதற்குக் கொட்டிய பாறை, கேரள மலைகளிலிருந்தும் வந்தது. எல்லை தாண்டித் தமிழ்நாட்டு மலைகளிலிருந்தும் வந்தது. வீடு கட்டவும் சாலை போடவும் கேரளத்துக்கு வேண்டிய கல்லை ஏற்றிக்கொண்டு களியக்காவிளை வழியாகச் செல்லும் கனரக லாரிகளைப் பற்றிக் குமரி மாவட்டத்தார் பேசாத நாள் இல்லை.

2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, இத்தகைய பெருந்திட்டத்துக்கு முன்னர்ப் பொதுமக்களின் கருத்தைக் கேட்க வேண்டும். முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும். மாவட்ட ஆட்சியரோ, கூடுதல் மாவட்ட ஆட்சியர் நிலைக்குக் குறையாத அவருடைய பிரதிநிதியோ தலைமை தாங்க வேண்டும். அறிக்கையின் சுருக்கம் மக்கள் மொழியில் இருக்க வேண்டும். நடந்தது அனைத்தும் படம் பிடிக்கப்பட வேண்டும். நல்ல விதிகள். விழிஞ்ஞத்துக்கு 2013ஆம் ஆண்டில் அவ்வாறு கேட்கப்பட்டது. ஆனால் கூட்டம் நடப்பது திட்டம் அமையும் இடத்தில். துறைமுகத்துக்கு வேண்டிய மலை எங்கே உடைகின்றதோ, அங்கே வாழ்வோர் அக்கூட்டத்தின் கணக்கில் வருவதில்லை. அவர்கள் ஊர்க் கல்குவாரிக்கெனத் தனியே கேட்கலாமே எனில், தனித்து நிற்கும் குவாரி ஐந்து ஹெக்டேருக்கு உட்பட்டதாயின் அதற்குப் பொது விசாரணை வேண்டியதில்லை. பாறை வெடிக்கும் ஓசை பரப்பளவைப் பார்த்தா கேட்கின்றது?

மூன்றாவது, குப்பை. நெய்யாற்றின்கரைக்கு வடக்கே விளப்பில்சாலை என்னும் ஊர் இருக்கின்றது. திருவனந்தபுரம் நகரின் குப்பையைப் பதப்படுத்தும் ஆலை 2000ஆம் ஆண்டு முதல் அங்கே இயங்கியது. நாற்றமும் கழிவுநீரும் தாங்க மாட்டாமல், 2011 டிசம்பர் 21ஆம் நாள் விளப்பில் ஊராட்சியே ஆலைக்குப் பூட்டுப் போட்டது. 2012 பிப்ரவரியில் காவலரோடு சென்று திறக்க முயன்றபோது பெண்களும் முதியோரும் சாலையை மறித்து நின்றனர். ஆலை திறக்கவில்லை. வேறு வழியின்றி, குப்பையை அவ்வவ் வீட்டிலும் அவ்வவ் வட்டாரத்திலும் உரமாக்கும் முறைக்கு நகரம் மாறத் தொடங்கியது. இன்று கேரளத்து ஊர்களில் வீடுதோறும் சென்று நெகிழிக் கழிவைச் சேகரிக்கும் ஹரித கர்ம சேனைப் பெண்களைக் காணலாம். ஒரு சிற்றூரின் மறுப்பு மாநிலத்தின் கொள்கையையே திருப்ப உதவியது என்றால் மிகையாகாது.

ஆனால் குப்பையின் கதை அங்கே முடியவில்லை. தன் ஊரில் வேண்டாம் என்று சொல்லக் கற்ற இடத்திலிருந்து, சொல்ல அறியாத இடம் தேடி அது புறப்பட்டது. களியக்காவிளைச் சாவடியில் கழிவு ஏற்றிய வண்டிகள் பிடிபடுவது வழக்கமான செய்தி ஆயிற்று. 2024 டிசம்பரில் திருவனந்தபுரம் மருத்துவமனைகளின் கழிவு திருநெல்வேலிக்கு அருகே கொடகநல்லூர் முதலிய ஊர்களில் கொட்டிக் கிடந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கட்டளையிட்ட பின்னர்க் கேரள அலுவலர்கள் வந்து லாரிகளில் திரும்ப ஏற்றிச் சென்றனர். விளப்பில்சாலைக்காரர் கேட்டது தங்களுக்கு நல்ல காற்று. அதைக் கொடகநல்லூர்க்காரர் இழக்க வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. எனினும், உரிமை ஒரு வேலியோடு நின்றுவிட்டால் இவ்வாறுதான் முடியும்.

கடற்கரை மணல்

நான்காவது, மணல். எல்லை கடலைத் தொடும் இடத்தில் கேரளத்துக் கடைசி மீனவர் ஊர் பொழியூர். தமிழ்நாட்டு முதல் ஊர் நீரோடி. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் இரு ஊர்ப் படகுகளையும் வேறுபாடின்றிக் கவிழ்த்தது. இரு கரையையும் கடல் அரிக்கின்றது. ஒரு மாநிலம் தன் கரையைக் காக்கக் கல்லை நீட்டினால், மணல் நின்றுபோய் அடுத்த கரை கரையும் என்பது கடலின் இயல்பு. நீரோடிப் பக்கத்துக் கற்சுவர்களால் தங்கள் வீடுகள் போயின என்று பொழியூரார் முறையிடுகின்றனர். இங்கே குறை கூறுவது கேரளம். கேட்கப்படாதவரும் கேரளத்து மக்களே. ஆகவே இக்கட்டுரையைத் தமிழர் தரப்பு வழக்கு என்று எவரும் கொள்ள வேண்டா.

அம்மணலிலே அணுசக்திக் கனிமங்கள் கலந்திருக்கின்றன. எல்லையை ஒட்டிய கொல்லங்கோடு தொடங்கி, ஏழுதேசம், இனயம்புத்தன்துறை, மிடாலம், கீழ்மிடாலம் எனக் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேர் பரப்பில் மணல் அகழ மத்திய அரசின் இந்திய அரிய மணல் ஆலை முனைந்தது. 2024 அக்டோபர் முதல் நாளுக்கு அறிவிக்கப்பட்ட கருத்துக் கேட்புக் கூட்டம் மக்களின் எதிர்ப்பால் ஒத்திவைக்கப்பட்டது. கொல்லங்கோட்டை அடுத்த கேரளத்துக் கடற்கரையாரின் கருத்து என்ன என்பது அவ்வேளையிலும் கேள்வியாக எழவில்லை. திட்டப் பரப்பு தமிழ்நாட்டோடு நின்றுவிட்டதல்லவா?

அதன் பின்னர் நடந்தது இன்னும் கவலைக்குரியது. 2025 செப்டம்பர் 8ஆம் நாள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அலுவலகக் குறிப்பாணையால், அணுக் கனிமங்கள், முக்கியக் கனிமங்கள் ஆகியவற்றின் சுரங்கங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பே வேண்டாம் என்று விலக்களித்தது. நாட்டின் பாதுகாப்பு காரணமாகக் கூறப்பட்டது. தமிழ்நாட்டு முதலமைச்சர் மறுப்புத் தெரிவித்து எழுதினார். நாட்டின் பாதுகாப்புப் பெரிதுதான். ஆனால் நாடு என்பது கீழ்மிடாலத்தையும் கொல்லங்கோட்டையும் உள்ளடக்கியதுதானே? பேச அழைத்த நாளில் மக்கள் மறுத்தனர் என்பதற்காக, பேச அழைப்பதையே நிறுத்திவிடுவது குடியாட்சியின் முறை ஆகாது.

யாரைக் கேட்பது?

நீர், கல், குப்பை, மணல் ஆகிய நான்கும் எல்லையைத் தாண்டுகின்றன. வார்டு சபை தாண்டுவதில்லை. பொது விசாரணை தாண்டுவதில்லை. உழவர் சங்கம் தாண்டுவதில்லை. எல்லையில் நான் கண்ட குறை இதுவே. திட்டம் எந்த மண்ணில் நிற்கின்றது என்பதைப் பார்த்துக் கருத்துக் கேட்கின்றோம். அதன் தீங்கும் பயனும் எந்த மண்ணைச் சேர்கின்றன என்பதைப் பார்ப்பதில்லை.

இது தீராத சிக்கலும் அன்று. தனித்தனி நாடுகளே இதற்கு வழி கண்டுள்ளன. 1991ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டு எஸ்போ நகரில் ஐரோப்பிய நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்தன. ஒரு நாட்டுத் திட்டத்தால் அண்டை நாட்டுக்குப் பெருந்தீங்கு நேருமெனில், அந்நாட்டுக்கு அறிவித்து, அந்நாட்டு மக்களும் தம் கருத்தைச் சொல்ல இடம் தரவேண்டும் என்பது அதன் சாரம். 1998இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் செய்த உடன்படிக்கை, சுற்றுச்சூழல் செய்தியை அறியவும், முடிவில் பங்கு கொள்ளவும், நீதி கேட்கவும் குடிமகனுக்கு உரிமை என்று வரையறுத்தது. இரு நாட்டார்க்கு இயன்றது ஒரே நாட்டின் இரு மாவட்டத்தார்க்கு இயலாதா?

பெரிய சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. பாறசாலைப் பக்கத்து ஊராட்சி ஒன்றும் விளவங்கோட்டுப் பக்கத்து ஊராட்சி ஒன்றும், கால்வாயைப் பற்றியோ குவாரியைப் பற்றியோ, ஒரே நாளில் ஒரே சொற்களில் தீர்மானம் இயற்றலாம். அதைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை. கிராமசபைத் தீர்மானம் வெறுந்தாள் என்பார்க்கு மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியைக் காட்டுவேன். அங்கே டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்து 2024 நவம்பரில் ஊர்கள்தோறும் கிராமசபைகள் தீர்மானம் செய்தன. டிசம்பரில் சட்டமன்றமும் தீர்மானித்தது. 2025 ஜனவரி 23ஆம் நாள் மத்திய அரசு ஏலத்தை நீக்கியது.

மொழியையும் மறத்தல் ஆகாது. 2020ஆம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட சுற்றுச்சூழல் மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை முதலில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருந்தது. அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் வெளியிட வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் அவ்வாண்டு ஜூன் 30ஆம் நாள் கூறிற்று. அந்த வரைவு முன்னறிவிப்புக் காலத்தை முப்பது நாளிலிருந்து இருபதாகக் குறைக்க எண்ணியது என்பதைப் படித்தவர்தாமே எதிர்க்க முடியும்? எல்லை ஊர்களில் அறிவிப்புகள் தமிழிலும் மலையாளத்திலும் அருகருகே ஒட்டப்பட்டால், அது மொழிச் சலுகை அன்று. கருத்துக் கேட்பின் முதற்படி.

கடல் கடந்து வாழும் அன்பர்கள், 'இதில் நாம் செய்யக்கூடியது என்ன?' என்று வினவலாம். இந்தியக் குடியுரிமையோடு அயல்நாட்டில் வாழ்வோர் 2010ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்குப் பின் ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் பதியலாம். கேரளத்தில் உள்ளாட்சிப் பட்டியலிலும் அவர்களுக்கு இடம் உண்டு. பட்டியலில் உள்ளவர் வார்டு சபையின் உறுப்பினர். இது பலர் அறியாத உண்மை. விடுமுறையில் ஊர் செல்லும்போது சபை கூடும் நாளை விசாரித்து ஒரு மணி நேரம் அமர்ந்து வாருங்கள். கல்வி கற்ற நீங்கள், ஆங்கில அறிக்கை ஒன்றை அங்கிருப்போர்க்குத் தமிழில் படித்துச் சொன்னால் அதுவே பெரும் பணி. நாம் அனுப்பும் பணத்தில் எழும் வீடுகளுக்கும் ஏதோ ஒரு மலைதான் கல் கொடுக்கின்றது. அம்மலையருகே வாழ்வோர்க்கு நாமும் கடமைப்பட்டவர்களே.

களியக்காவிளையிலிருந்து இஞ்சிவிளைக்குப் பெண் கொடுப்பதற்கும் எடுப்பதற்கும் எந்தச் சாவடியும் தடையாக நின்றதில்லை. அங்ஙனமே ஊரின் நீரையும் நிலத்தையும் பற்றிக் கூடிப் பேசுவதற்கும் தடை இல்லாத காலம் வரவேண்டும். 1938இல் நெய்யாற்றின்கரையில் உயிர் கொடுத்தவர்கள் கேட்ட பொறுப்பாட்சி அன்றுதான் முழுமை அடையும்.